கன்னம் படும் உயரம்

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டவள் நான்தான். யாரும் என்னை ஏவவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நடுவில் எங்காவது என் புருஷன் மேல் பழியைப் போட்டுவிடுவேன். அந்தப் பழக்கம் எனக்கு உண்டு.

மூன்று குளிர்காலத்துக்கு முன், எங்கள் சொந்தக் காட்டில் மரம் வெட்டிக்கொண்டிருந்த என் புருஷன் ஒஸ்மோவின் கழுத்தில், பனிப் பாரம் தாங்காமல் ஒரு ஊசியிலை மரத்தின் உச்சி முறிந்து விழுந்தது. பிழைத்துக்கொண்டான். ஔலு நகரத்து டாக்டர்கள் கழுத்தெலும்பு மூன்றை ஒரு தகட்டால் சேர்த்து முடுக்கினார்கள். நடப்பான், விறகு பிளப்பான், என்னோடு சண்டை போடுவான். தலை மட்டும் நட்டுவைத்தது போல நேராக நிற்கும். குனியாது, சாயாது, திரும்பாது. பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க வேண்டுமென்றால் காலோடு சேர்த்து முழு உடம்பையும் திருப்ப வேண்டும். ஓநாய்க்குக் கழுத்து திரும்பாது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். ஊரில் அவனுக்கு 'ஓநாய்' என்று பெயர் வைத்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டான்.

சிரிக்காத விஷயம் வேட்டை. குறி பார்க்கிறவன் தலையைச் சாய்த்துத் துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தை வைக்க வேண்டும். அப்போதுதான் கண், துப்பாக்கியின் மேலிருக்கும் குறிநோக்கியான ஸ்கோப்புக்கு நேராக வரும். ஒஸ்மோவின் கன்னம் கட்டைக்கு நான்கு விரல் மேலேயே நின்றுவிடும். ஆக, பதினாறு வயதிலிருந்து ஒரு வருடம் கூட மூஸ் மான் வேட்டைக்குப் போகாமல் இருந்திராதவன், இரண்டு அக்டோபர் மாதங்கள் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து உலகத்தை நிர்வாகம் செய்தான். வானிலை அறிவிப்பாளரைத் திட்டினான். எனக்கு வெங்காயம் நறுக்கக் கற்றுக்கொடுத்தான். வேட்டைக் குழுவுக்குச் சமைக்க நான் கிளம்பும்போது ஒன்றும் சொல்லமாட்டான். திரும்பி வந்தால் யார் எந்த இடத்தில் நின்றார்கள், காற்று எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்பான். கேட்டுவிட்டு அழாமல் உட்கார்ந்திருப்பான். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

அவனுடைய அறுபதாவது பிறந்தநாள் வந்தது. துப்பாக்கியின் இரும்பை அப்படியே வைத்துக்கொண்டு மரக்கட்டையை மட்டும் மாற்றலாம், உயரம் கூட்டிக் குறைக்கிற கட்டைகள் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஸ்வெட்டர் பின்னப் போகிறேன் என்று பொய் சொல்லித் தையல் டேப்பால் அவனை அளந்தேன். தோள் குழியிலிருந்து கண் வரை. காறை எலும்பிலிருந்து கன்ன எலும்பு வரை. முழங்கை மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரலின் முதல் கணு வரை.

"ஸ்வெட்டருக்கு எதுக்குடி கன்ன எலும்பு?" என்றான்.

"காலர் உசரமா வைக்கப் போறேன். உன் வாய மூடுற அளவுக்கு."

கயானி ஊரில் கட்டை விற்கிற பென்ட்டியின் கடைக்கு அந்த அளவுகளை எழுதிய சீட்டோடு போனேன். துப்பாக்கியையும் போர்வையில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். பென்ட்டி சீட்டைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"இது மனுசனோட அளவா, ஒட்டகச்சிவிங்கியோட அளவா?"

"என் வீட்டுக்காரரு. கழுத்துல தகடு."

அதற்குப் பிறகு அவன் கேலி செய்யவில்லை. சுவரிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தான். வால்நட் கட்டை ஒன்று இருந்தது. வரி வரியாக, தேன் பூசியது போல. தடவிப் பார்த்ததும் அதுதான் வேண்டும் என்று ஆசை வந்தது.

"அழகுதான். ஆனா நம்ம ஊர் மழைக்கு முறுக்கிக்கும். காலையில ஒரு குறி, சாயங்காலம் ஒரு குறி. பொண்ணு பார்க்க வந்தவங்க மாதிரி முகத்த பார்த்து எடுக்காதீங்க" என்றான். பிர்ச் மரத்தை மெல்லிய ஏடுகளாகச் சீவி ஒட்டி அழுத்திய கட்டை ஒன்றை என் கையில் கொடுத்தான். பழுப்பும் சாம்பலும் மாறி மாறி வரும் நிறம். கனமாக இருந்தது. "இது செத்தாலும் வளையாது."

அதன் மேல்விளிம்பில் கன்னம் வைக்கிற பகுதி தனித் துண்டாக இருந்தது. இரண்டு உருக்குக் கால்களில் மேலேயும் கீழேயும் போய்வரும். பக்கவாட்டில் இரண்டு ஸ்குரூ. ஆலன் கீ போட்டுத் தளர்த்தி, வேண்டிய உயரத்தில் வைத்து இறுக்கிவிடலாம். தோளில் முட்டுகிற இடத்தில் ரப்பர் வில்லைகள். கோடையில் மூன்று, குளிருக்கு ஒன்றைக் கழற்றிவிட வேண்டும், தடித்த கோட்டு போட்டால் கட்டை நீளமாகிவிடும் என்றான். எல்லாவற்றையும் என்னையே செய்ய வைத்துக் காட்டினான். என் சீட்டின் அளவுக்குக் கன்னத்தட்டை ஏற்றி, உருக்குக் காலில் பென்சிலால் ஒரு கோடு போட்டான். ஸ்கோப்பையும் உயரமான வளையங்களில் தூக்கி வைத்தான். இனி தலை கட்டையைத் தேடிப் போக வேண்டாம், கட்டை தலையைத் தேடி வரும்.

போர்வையைச் சுற்றும்போது பென்ட்டி கேட்டான். "நேரா பார்ப்பாரு, சரி. பக்கவாட்டுல எப்படிப் பார்ப்பாரு?"

"முழு உடம்பையும் திருப்புவாரு. ஓநாய் மாதிரி."

"உடம்பு திரும்பினா கையில இருக்கிற துப்பாக்கியும் திரும்புமே?"

நான் சிரித்தேன். "நாப்பது வருஷமா வேட்டையாடுற ஆளு" என்றேன். அவன் கதவு வரை வந்து வழியனுப்பினான். சிரித்ததற்காக அந்த வாயை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பிறந்தநாளன்று ஒஸ்மோ கட்டையைத் தோளில் வைத்தான். கன்னத்தில் மரம் பட்டது. ஜன்னல் வழியாக எதிர்க்கரைப் பாறையைக் குறி பார்த்தபடி வெகுநேரம் நின்றான். "ஹில்க்கா, எனக்குக் கழுத்தக் குடுத்துட்ட" என்றான். விருந்தாளிகள் முன்னால் என்னைக் கட்டிப்பிடித்தான். எங்கள் ஊரில் ஆண்கள் அதைச் செய்வதற்குள் ஏரி இரண்டு முறை உறைந்து உருகிவிடும். நான் மகாராணியானேன்.

ஆகஸ்டில் ஜல்லிக்குழி மைதானத்தில் சுடும் தேர்வு. எழுபத்தைந்து மீட்டரில் அட்டை மூஸ் நிற்கும். நான்கு குண்டும் நெஞ்சின் வட்டத்துக்குள் விழ வேண்டும். ஒஸ்மோவின் நான்கும் உள்ளங்கை அளவு இடத்தில் விழுந்தன. கை தட்டினார்கள். குழுத் தலைவன் யல்மாரி, ஒஸ்மோவுக்குப் பால்ய சிநேகிதன், சீட்டில் முத்திரை குத்தும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டான். அட்டை மூஸ் எப்போதும் நேர் எதிரே நிற்கிறது. கழுத்து திரும்புமா என்று அந்தத் தேர்வில் கேள்வியே இல்லை.

காபி மேசைப் பக்கமிருந்து யாரோ "ஒஸ்மோ, உனக்கு பன் வேணுமா?" என்று கூப்பிட்டார்கள். ஒஸ்மோ திரும்பினான். முழு உடம்பும் திரும்பியது. இடுப்பளவில் பிடித்திருந்த துப்பாக்கியும் அவனோடு திரும்பி, மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒவ்வொருவர் வயிற்றையும் பார்த்துக்கொண்டே போனது. குண்டு இல்லைதான். பேச்சு மட்டும் நின்றுவிட்டது. என் மகள் சைமி கையில் பன்னோடு அந்த மேசையில் நின்றிருந்தாள்.

"குழலக் கீழ புடி, ஓநாயே" என்றான் யல்மாரி.

ஒஸ்மோ முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். ரொம்ப நாள் கழித்து வந்தவன், கை பழகிவிடும் என்றார்கள். நான் என் காபியைத் தரையில் ஊற்றினேன்.

சைமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு ஒரே பிள்ளை. முப்பத்தோரு வயது. ஔலுவில் இருந்த வேலையை விட்டுவிட்டு, மரம் வெட்டும் இயந்திரம் ஓட்டுகிறேன் என்று அந்த வசந்தத்தில் ஊருக்குத் திரும்பியிருந்தாள். கூடவே ஹல்லி என்ற சாம்பல் நிற நாய். குழுவின் பழைய நாய்க்காரர் முழங்கால் போய் விலகிவிட்டதால், இந்த வருடம் நாயோடு காட்டுக்குள் போகிறவள் சைமி. துப்பாக்கிக்காரர்கள் காட்டின் ஓரத்தில் வரிசையாக நிற்பார்கள். நாய் மூஸைத் தேடிப் பிடித்துக் குரைத்து நிறுத்தும், அல்லது துரத்தி வரும். நாய்க்காரி அதன் பின்னால் துப்பாக்கிகளைப் பார்த்து நடந்து வருவாள். அப்பனின் குழலுக்கு எதிரே மகள். அதுதான் என் தூக்கத்தைத் தின்றது.

அக்டோபரில் வேட்டை தொடங்கியது. இரண்டாவது வாரம், வேட்டைக் குழுவின் குடிலில் நான் பட்டாணி சூப் ஊற்றிக்கொண்டிருந்தேன். யல்மாரி தட்டோடு வந்து, மற்றவர்கள் வெளியே போகும் வரை ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே நின்றான்.

"உன் ஆளு நேத்து என்னை ஸ்கோப்புல பார்த்தான்" என்றான் மெதுவாக.

அகப்பை என் கையிலேயே நின்றது. ஸ்கோப்பில் மனிதனைப் பார்ப்பது எங்களிடம் மன்னிக்க முடியாத குற்றம். ஸ்கோப் எங்கே பார்க்கிறதோ குழலும் அங்கேதான் பார்க்கும்.

"ஏன்?"

"சத்தம் கேட்டுச்சு போல. தலையைத் திருப்ப முடியல. உடம்பத் திருப்பினான், துப்பாக்கி தோள்லயே இருந்துச்சு. நான் கைய ஆட்டினேன். அவனும் ஆட்டினான். சிரிக்கிறான்!"

"அவன நிறுத்து, யல்மாரி. நீதான தலைவன்."

"தேர்வுல பாஸ் பண்ணியிருக்கான். நான் முத்திரை குத்தினேன். இப்ப போய் உன் கழுத்து சரியில்ல, வீட்டுல உக்காருன்னு எப்படிச் சொல்றது? ரெண்டு வருஷம் அவன் எப்படி இருந்தான்னு உனக்குத் தெரியாதா?"

"குறைஞ்சபட்சம் சைமி வர்ற பக்கம் நிக்க வைக்காத."

"இடத்துக்குச் சீட்டுக் குலுக்குறோம். எங்க அப்பா காலத்துலருந்து. ஒருத்தனுக்கு மட்டும் மாத்தினா ஏன்னு கேப்பாங்க." அவன் தட்டைக் கீழே வைத்தான். "நீ சொல்லிப் பாரேன்."

"நான் சொன்னா கேப்பானா?"

"அப்ப நான் சொன்னா மட்டும் கேப்பானா?"

எங்கள் ஊரின் வியாதி இது. பனி எவ்வளவு தடிமன், எந்த ஏரியில் எந்த மீன், எல்லாம் விலாவாரியாகப் பேசுவோம். ஒருவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியது வந்தால் சூப்பைப் பற்றிப் பேசிவிட்டுப் போவோம்.

நான் பேசினேன். அன்று சாயங்காலமே சானா என்கிற நீராவிக் குளியலறையில், ஆவி தணிந்த பிறகு, வார்த்தையை அளந்துதான் பேசினேன். ஒஸ்மோ நேரே சுவரைப் பார்த்தபடி கேட்டான்.

"குடுத்தது நீ. இப்ப புடுங்குறதும் நீயா?"

"சைமி முன்னால வருவாடா. உனக்குப் பக்கவாட்டுல கண்ணு இல்ல."

"என் பொண்ணு எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாதா? தெளிவாத் தெரியாம இந்த நாப்பத்தி நாலு வருஷத்துல ஒரு குண்டு சுட்டிருக்கேனா? சொல்லு!"

சுட்டதில்லை. அது சத்தியம். பனிமூட்டத்தில் கைக்கெட்டும் தூரத்தில் போன மூஸை விட்டவன் அவன். அந்த சத்தியத்தைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். அதைத்தான் ஆயுதமாக்கினேன்.

சைமியிடமும் சொன்னேன். "அம்மா, நான் ஆரஞ்சு கோட்டு, ஆரஞ்சு தொப்பி, நாய்க்கும் ஆரஞ்சு சட்டை. எங்கள மூணு மைல்லருந்து பார்க்கலாம். அப்பாவ விடு. பாவம்" என்றாள். அவளுக்கு அப்பன் செல்லம்.

மூன்றாவது சனிக்கிழமை. விடிந்து வெளுத்திருந்தது, கடும் உறைபனி. ஒஸ்மோ வெளியே காரின் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். துப்பாக்கி சமையலறை மேசையில், உறை திறந்து கிடந்தது. அந்தச் சுரண்டல் சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது.

என் கணக்கு இப்படி. கன்னத்தட்டைக் கீழே இறக்கிவிட்டால் கண் ஸ்கோப்புக்கு மேலே நின்றுவிடும். ஸ்கோப்பில் கறுப்புத்தான் தெரியும். ஒஸ்மோவால் குனிந்து கட்டையைப் பார்க்க முடியாது, ஆகவே தட்டு இறங்கியிருப்பது அவனுக்குத் தெரியாது. கழுத்து இன்னும் மோசமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வான். தெளிவாகத் தெரியாமல் சுடமாட்டான். ஒன்றும் சுடாமல் வீட்டுக்கு வருவான். ஒரு வாரம் இடிந்து உட்காருவான், பிறகு தானே விலகிக்கொள்வான். யாரும் யார் முகத்தையும் பார்த்து எதையும் சொல்ல வேண்டியதில்லை. சைமி பத்திரமாக இருப்பாள்.

பாருங்கள், எவ்வளவு அழகான கணக்கு!

ஆலன் கீயை இழுப்பறையிலிருந்து எடுத்தேன். இரண்டு ஸ்குரூவையும் தளர்த்தினேன். பென்சில் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே தட்டை இறக்கி இறுக்கினேன். உறையை மூடினேன். ஒஸ்மோ உள்ளே வந்தபோது அவனுடைய தெர்மாஸில் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, "இன்னிக்கு வரும்னு மனசு சொல்லுது" என்றான்.

குடிலில் யல்மாரியின் தொப்பிக்குள் கைவிட்டு எல்லாரும் எண் எடுத்தார்கள். ஒஸ்மோவுக்குச் சதுப்பின் வடக்கு ஓரம் விழுந்தது. அவர்கள் போனபின் நான் அடுப்பை மூட்டி, அலமாரியில் இருந்த வாக்கி டாக்கியை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன். கேரட் நறுக்கினேன். மனது நிம்மதியாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. இந்த அக்டோபரில் முதல் நிம்மதி.

பத்து மணி சுமாருக்கு ஹல்லி குரைக்கும் சத்தம் எட்டத்தில் கேட்டது. "ஒண்ணு எழுந்திருச்சு. பெரிய ஆண். வடக்க போகுது" என்று சைமி ஓட்டத்தில் சொன்னாள். பிறகு ஒரே ஒரு வெடி. ஒரு வெடி என்றால் இறைச்சி, இரண்டு என்றால் இருக்கலாம், மூன்று என்றால் கத்தியைத் தீட்ட வேண்டாம் என்பது எங்கள் வழக்கு. யாரோ அடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். ஒஸ்மோ என்று நினைக்கவே இல்லை.

வாக்கி டாக்கி கரகரத்தது. பிறகு அவன் குரல் வந்தது.

"நான்தான். அடிச்சிட்டேன்." மூச்சு வாங்கினான். "வயித்துல பட்டுருச்சு. எழுந்து போயிருச்சு."

நான் வாக்கி டாக்கியின் சத்தத்தைக் கூட்டினேன். காயம்பட்ட மூஸைக் காட்டில் விடக்கூடாது. சட்டமும் அதுதான், மானமும் அதுதான். சிறிது நேரம் பொறுத்து, நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு ரத்தத்தடத்தில் பின்தொடர வேண்டும். அது நாய்க்காரியின் வேலை.

"யாரும் நகராதீங்க. முக்கால் மணி நேரம் படுக்கட்டும். அப்புறம் சைமி போவா, நான் கூட வர்றேன்" என்றான் யல்மாரி.

"நான் போறேன். நான் அடிச்சது" என்றான் ஒஸ்மோ.

"நீ எடத்த விட்டு அசையாத. உன்னால தரையப் பார்க்க முடியாது."

அந்த முக்கால் மணி நேரம் என்னிடம் இருந்தது. நான் வாக்கி டாக்கியை எடுத்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். சொன்னால் மட்டும் வயிற்றில் பட்ட குண்டு திரும்பி வருமா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். கோழைகளுக்கு இப்படிப்பட்ட கேள்விகள் உடனே கிடைத்துவிடும். கடைசியில் பொத்தானை அழுத்தினேன்.

"சைமி, நீ போகாத. நாளைக்குப் பெரிய நாய் வச்சிருக்கிறவங்களக் கூப்பிடலாம்."

"அம்மா, சூப்ப எறக்கி வை. அது வயித்து வலில படுத்துக் கெடக்கு. நாளைக்கு வரைக்கும் துடிக்கட்டும்னு விடச் சொல்றியா?"

"ஹில்க்கா, லைனக் காலியா வை" என்றான் யல்மாரி.

பிறகு நடந்ததை யல்மாரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ரத்தம் கொஞ்சமாகவும், வயிற்றில் இருந்த தழை கலந்து பச்சையாகவும் இருந்ததாம். புயலில் விழுந்த ஊசியிலை மரங்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்த இடத்துக்குத் தடம் போனதாம். ஹல்லி கயிற்றை முறுக்கிக்கொண்டு முன்னால் இழுத்திருக்கிறது. சைமி ஒரு மரத்தைத் தாண்டக் காலைத் தூக்கினாள். மூஸ் தன் தடத்துக்குப் பக்கவாட்டில், தன்னைத் துரத்தி வருகிறவர்களைப் பார்த்தபடி படுத்திருந்தது. குதிரையை விட உயரமான மிருகம். எழுந்ததும் அவள் மேல் வந்ததும் ஒரே அசைவு என்றான். முன்கால்களால் மிதித்தது. நாயும் அவளும் கயிற்றில் சிக்கியிருந்ததால் யல்மாரியால் சுட முடியவில்லை. சுட முடிந்தபோது அது நான்காவது தடவை காலைத் தூக்கியிருந்தது.

எனக்கு வாக்கி டாக்கியில் கேட்டது ஹல்லியின் ஊளையும் ஒரு வெடியும்தான். அப்புறம் யல்மாரி யாரிடமோ ஹெலிகாப்டர் வேண்டும், ஹெலிகாப்டர் வேண்டும் என்று கத்தினான். முப்பது வருடத்தில் அவன் கத்தி நான் கேட்டதில்லை.

ஹெலிகாப்டர் சதுப்பில் இறங்கியது. ஒஸ்மோவை யாரோ காரில் ஔலுவுக்கு அழைத்துப் போனார்கள். துப்பாக்கியை யல்மாரி என் கார் பின்சீட்டில் வைத்தான். "வீட்டுக்குப் போய்த் துணிமணி எடுத்துக்கிட்டு வா" என்றான். நான் வீட்டுக்குப் போனேன். துணி எடுப்பதற்கு முன் ஆலன் கீயை எடுத்தேன். தட்டை ஏற்றி, பென்சில் கோட்டில் வைத்து இறுக்கினேன். ஏன் செய்தேன் என்று கேட்டால் பயம் என்றுதான் சொல்ல முடியும். மகள் பிழைப்பாளா என்றே தெரியாத நேரத்தில் நான் செய்த முதல் காரியம் அது.

சைமி பிழைத்தாள். இடுப்பெலும்பு மூன்று துண்டு, தொடையெலும்பு இரண்டு, ஒரு பக்க நுரையீரல் கிழிந்திருந்தது. அடுத்த கோடையில் கோலூன்றி நடக்கலாம், நாய்க்குப் பின்னால் ஓட முடியாது என்றார்கள். ஐந்தாம் நாள் கண்ணை முழுசாகத் திறந்து பேசினாள். ஒஸ்மோ கட்டிலின் கால்பக்கம், சுவரோடு ஒட்டி நின்றிருந்தான். அங்கே நின்றால்தான் குனியாமல் அவள் முகம் தெரியும்.

"அப்பா, எனக்கும் தகடு வச்சுட்டாங்க. இனிமே நம்ம வீட்டுல காந்தம் வைக்கக் கூடாது."

அவன் சிரிக்க முயன்று, அழுதான். அழும்போதும் அவன் தலை குனியவில்லை, கண்ணீர் நேராகக் கழுத்துக்கு இறங்கியது.

"கன்னத்த வச்சேன். எல்லாம் கறுப்பா இருந்துச்சு. பாதி மூஸ்தான் தெரிஞ்சுது" என்றான் அவளிடம். "விட்டிருக்கணும். எத்தனையோ விட்டிருக்கேன். ரெண்டு வருஷமா ஜன்னல்ல உக்காந்து நெனைச்சுக்கிட்டிருந்த மூஸு வந்து முன்னால நிக்குது. விட முடியல சைமி. கழுத்து இன்னும் இறுகிப்போச்சு, அதுகூடத் தெரியாம நின்னிருக்கேன்."

நான் ஜன்னலோரம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். உரித்ததை மறுபடியும் உரித்தேன்.

விபத்து என்பதால் போலீஸ்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து துப்பாக்கியைப் பார்த்தார். ஒஸ்மோவைத் தோளில் வைக்கச் சொன்னார். கன்னம் தட்டில் படிந்தது, கண் ஸ்கோப்புக்கு நேராக வந்தது. "உங்க அளவுக்கே செஞ்சது போல இருக்கே" என்று பாராட்டிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார். யல்மாரியும் வந்தான். கட்டையில் ஏதாவது கோளாறாக இருக்கலாம், ஸ்குரூ தளர்ந்திருக்கலாம் என்று அவன்தான் ஒஸ்மோவுக்காக வாதாடினான். ஒஸ்மோ ஒத்துக்கொள்ளவில்லை.

"எய்தவன் நான் இருக்க, அம்ப ஏண்டா நோகணும்?" என்றான்.

நவம்பரில் ஒருநாள் மத்தியானம். ஒஸ்மோ என்னைக் கூப்பிட்டு மேசையில் உட்காரச் சொன்னான். துப்பாக்கி உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிடப் போகிறேன், போலீஸுக்கும் குழுவுக்கும் கடிதம் எழுத வேண்டும், காகிதத்தைக் குனிந்து பார்க்க முடியாது, நீ எழுது என்றான். அவன் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு நிறுத்தி நிறுத்திச் சொன்னான். நான் எழுதினேன். நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது. அவன் இனி காட்டுக்குப் போகமாட்டான்.

"எழுது. கட்டையில் எந்தக் குறையும் இல்லை. அதை என் மனைவி என்னை அளந்து, கடைக்குப் போய், பார்த்துத் தேர்ந்தெடுத்தாள். அன்று காலையும் அது சரியாகவே இருந்தது. குறை முழுக்க என்னுடையது. எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"படி."

படித்தேன். ஒரு எழுத்து விடாமல், குரல் நடுங்காமல் படித்தேன். அவன் கேட்டு முடித்து, "ஆமா, அதான் உண்மை" என்றான். பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

"எங்க போடணும்?"

அவன் கையைப் பிடித்துக் காகிதத்தில் அந்த இடத்தில் வைத்தேன். கையெழுத்துப் போட்டான்.